தொட்டாலும் கொட்டாத செல்: ஒரு கடல் சாமந்தியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளி விலங்கியல் புத்தகத்தில் கொட்டும் செல்லைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு படம் நினைவிருக்கும். முட்டை வடிவில் ஒரு செல், அதற்குள் ஒரு பை, பைக்குள் சுருட்டி வைத்த நூல், மேலே துருத்திக்கொண்டு ஒரு சிறு மயிர். அந்த மயிரில் எது பட்டாலும் பை வெடிக்கும், நூல் பாயும், நஞ்சு இறங்கும். நானும் அப்படித்தான் படித்தேன். பல ஆண்டுகள் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

கொஞ்சம் யோசித்தால் அந்தக் கதையில் ஓர் ஓட்டை தெரியும். கடல் சாமந்தி என்பது பூப்போலத் தோன்றும் ஒரு கடல் விலங்கு. அது வாழ்வது ஓயாமல் அசையும் நீரில். மணல் வந்து மோதும். பாசி வந்து உரசும். அதன் உணர்கொம்புகளே நாள் முழுக்க ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருக்கும். பட்டதற்கெல்லாம் கொட்டினால் ஒரு பொழுதுக்குள் ஆயுதக் கிடங்கு காலியாகிவிடும். ஒரு கொட்டும் செல் ஒரே ஒரு முறைதான் கொட்டும். நூலை மறுபடி சுருட்டி உள்ளே வைக்க வழியில்லை. அந்தச் செல்லின் கதை அத்தோடு முடிந்தது, அதன் இடத்தில் புதுச் செல் ஒன்று வளர்ந்து வரவேண்டும்.

அப்படியானால் எப்போது கொட்டக்கூடாது என்பது அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு மூலக்கூறு அளவில் தெளிவான பதில் 2020இல்தான் கிடைத்தது. கொடுத்தது நெமட்டோஸ்டெல்லா வெக்டென்சிஸ் என்ற சின்னஞ்சிறு கடல் சாமந்தி. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வு அதுதான்.

ஆயுதம்

கடல் சாமந்தி, ஜெல்லி மீன், பவளம், ஹைட்ரா எல்லாம் நிடேரியா என்ற ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. அந்தப் பெயரே கொட்டும் செல்லை வைத்து வந்தது. செல்லுக்குள் இருக்கும் பைக்கு நெமட்டோசிஸ்ட் என்று பெயர். அதன் சுவர் சிறு கொலாஜன் புரதங்களால் ஆனது. புரதத்துக்குப் புரதம் கந்தகப் பிணைப்புகள் போட்டு இறுக்கியிருப்பதால் அபாரமான உறுதி. பைக்குள் பாலி காமா குளுட்டமேட் என்ற நீண்ட மூலக்கூறு நிறைந்திருக்கிறது. அதன் மின்னூட்டங்களைச் சமன் செய்யும் அயனிகளும் அடர்த்தியாகச் சேர்ந்துகொள்வதால் நீர் உள்ளே நுழையத் துடிக்கிறது. ஹைட்ராவின் பையில் அளந்த அழுத்தம் சுமார் 150 பார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அந்த அழுத்தத்தை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2006இல் ஹோல்ஸ்டைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஹைட்ராவை வைத்து மிக வேகமான கேமராவால் படம்பிடித்தார்கள். பையின் முனையில் உள்ள கூரிய முட்கள் வெளியே பாய எடுத்துக்கொண்ட நேரம் 700 நானோநொடி. முடுக்கம் புவியீர்ப்பைப் போல 54 லட்சம் மடங்கு. முள்ளின் நுனி அவ்வளவு சிறிதாக இருப்பதால், எடை ஒன்றுமே இல்லாத அந்தப் பொருள் ஓட்டுமீனின் கூட்டைத் துளைக்கிறது. உயிருலகில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று.

நூல் வெளியே வரும் விதமும் விசித்திரம். ஈட்டி போல நேராகப் பாய்வதில்லை. கழற்றிப்போட்ட சட்டையின் கை உட்புறமாகத் திரும்பியிருந்தால் அதை உதறி வெளியே எடுப்போமே, அதுபோல உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டுகொண்டே நீள்கிறது. 2022இல் அமெரிக்காவின் ஸ்டோவர்ஸ் ஆய்வு நிலையத்தில் நெமட்டோஸ்டெல்லாவை வைத்தே இதைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார்கள். முதலில் தடித்த தண்டுப் பகுதி இறுகிய நிலையில் வெளியே உந்தப்படுகிறது. பிறகு அது புரள்கிறது. கடைசியாக மெல்லிய நூல் அதற்குள்ளிருந்தே புரண்டு நீள்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பலர் அவதிப்படுகிறார்கள். கரையில் ஒதுங்கிச் செத்துக்கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். பை இறுகியபடியே இருக்கிறது, உடல் செத்ததால் அது அவிழ்ந்துவிடுவதில்லை. அறுந்து மிதக்கும் உணர்கொம்புத் துண்டும் அப்படித்தான். குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குச்சி

செத்த துண்டும் கொட்டும் என்பதால்தான் ஒரு காலத்தில் இந்தச் செல்லைத் தனி ராஜாங்கம் என்று நினைத்தார்கள். நரம்பின் உத்தரவு வேண்டாம், தானே உணரும், தானே சுடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜி. எச். பார்க்கர் போன்றவர்கள் இத்தகைய செல்களைச் சுயேச்சையாக இயங்குபவை என்று வகைப்படுத்தினார்கள்.

1942இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த விலங்கியலாளர் கார்ல் பான்டின் ஒரு சோதனையை வெளியிட்டார். எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் இதுவும் ஒன்று, ஏனென்றால் அதற்குக் கண்ணாடிக் குச்சி ஒன்று போதும். சுத்தமான கண்ணாடிக் குச்சியால் அனிமோனியா என்ற கடல் சாமந்தியின் உணர்கொம்பைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. உணவின் சாற்றை மட்டும் நீரில் கலந்துவிட்டாலும் செல்கள் சும்மா இருக்கின்றன. அதே குச்சியில் உணவுச் சாற்றைத் தடவித் தொட்டால் சரமாரியாகக் கொட்டுகின்றன. வாசனை மட்டும் போதாது, தொடுகை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும். வங்கி லாக்கரை இரண்டு சாவி போட்டுத் திறப்பது போல.

இதற்கு அடுத்த பெரிய அடி 1989இல் விழுந்தது. வாட்சன், ஹெசிங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதிரும் பொருள்களை ஒரு கடல் சாமந்தியின் உணர்கொம்பில் தொடவைத்துப் பார்த்தார்கள். சாதாரண நீரில் 30, 55, 65 முதல் 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை முறை) வரையிலான அதிர்வுகளுக்குச் செல்கள் அதிகம் கொட்டின. நீரில் மிகச் சிறிதளவு சியாலிக் அமிலத்தையோ கிளைசினையோ கலந்ததும் விருப்பம் கீழே இறங்கியது: 5, 15, 30, 40 ஹெர்ட்ஸ். நீந்திவரும் இரையின் அசைவு இந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆக, வாசனை வந்ததும் செல்லின் காது வேறு சுருதிக்கு மாறுகிறது.

சியாலிக் அமிலம் மீனின் உடல் சளியில் நிறைய உண்டு. கடல் சாமந்தியின் மடியிலேயே வாழும் கோமாளி மீனின் சளியில் மட்டும் அது மிகக் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த மீன் எப்படித் தப்பிக்கிறது என்ற பழைய கேள்விக்கு இது முழுப் பதிலாகிவிடாது. ஆனாலும் இரண்டாம் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளாமலே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிற ஒரு விருந்தாளியை இங்கே பார்க்கிறோம்.

சரி, இரண்டு சாவி இருப்பது தெரிந்துவிட்டது. பூட்டு எங்கே? 1942இலிருந்து எண்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் கேள்வி நின்றுகொண்டே இருந்தது.

சேற்றில் ஒரு நட்சத்திரம்

நெமட்டோஸ்டெல்லாவைப் பார்த்தால் கடல் சாமந்தி என்றே தோன்றாது. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிகிற இனம் இல்லை இது. கழிமுகச் சேற்றுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு உணர்கொம்புகளை மட்டும் வெளியே விரித்துக் காத்திருக்கும். சில சென்டிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். 1935இல் விலங்கியலாளர் ஸ்டீபன்சன் இதற்குப் பெயர் வைத்தார். இங்கிலாந்தின் வைட் தீவுக்கு ரோமானியர் வைத்திருந்த பெயர் வெக்டிஸ், வெக்டென்சிஸ் அதிலிருந்து வந்தது.

உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், ஆய்வகத்தில் கிண்ணத்திலேயே வளரும், முட்டையிடும். 2007இல் இதன் மரபணுத்தொகுதி முழுமையாக வெளியானபோது பலருக்கும் வியப்பு. ஈயைவிடவும் புழுவைவிடவும் சில வகைகளில் மனிதனோடு அதிகம் ஒத்துப்போகும் மரபணுக்கள் இந்தச் சேற்றுப் பிராணியிடம் இருந்தன. அன்றிலிருந்து உலகின் பல ஆய்வகங்களில் இது குடியேறிவிட்டது.

2020இல் என்ன கண்டார்கள்

ஹார்வர்டில் நிக்கோலஸ் பெல்லோனோவின் ஆய்வகம். கெய்கோ வியர் முதன்மை ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு பான்டினின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம். கண்ணாடிக் குச்சிக்குப் பதில் ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகடு. தகட்டை உணர்கொம்பில் தொடவைத்துவிட்டு, ஜெலட்டினில் எத்தனை நூல்கள் குத்தி நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உப்பள இறாலான ஆர்ட்டீமியாவை அரைத்த சாறுதான் வாசனை. முடிவு பழையதேதான்: தொடுகை மட்டும் என்றால் அமைதி, சாறு மட்டும் என்றாலும் அமைதி, இரண்டும் சேர்ந்தால் தாக்குதல். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தாலும் எதுவும் நடப்பதில்லை. செல்லுக்குள் கால்சியம் நுழைவதில்தான் விஷயம் இருக்கிறது.

அதனால் தனித்தனிக் கொட்டும் செல்களைப் பிரித்தெடுத்து, நுண்ணிய மின்முனை வைத்து, உள்ளே ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். கொட்டிவிட்டால் போச்சு என்ற நிலையில் இருக்கும் செல்லில் மின்முனையை ஒட்டவைப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்து அவர்கள் கண்டது புரிய, கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் புரதக் கதவான கால்சியம் கால்வாய் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். எந்தச் செல்லுக்கும் உள்ளே வெளியைவிட எதிர்மின் அழுத்தம் இருக்கும். தூண்டுதல் வந்து அந்த எதிர்மின் தன்மை குறைந்தால், செல் சவ்வில் உள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். திறந்த கால்வாய் சற்று நேரத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். செல் மறுபடி ஓய்வு நிலைக்கு வந்ததும் பூட்டு விடுபட்டு, அடுத்த தூண்டுதலுக்குத் தயாராகும். நம் நரம்புகளிலும் தசைகளிலும் உள்ள இவ்வகைக் கால்வாய்கள் பெரும்பாலும் ஓய்வு நிலையில் தயாராகத்தான் நிற்கின்றன.

நெமட்டோஸ்டெல்லாவின் கொட்டும் செல்லில் அந்த வழக்கம் தலைகீழ். செல் ஓய்வாக இருக்கும்போதே கால்வாய்களில் ஏறக்குறைய எல்லாமே பூட்டிக் கிடக்கின்றன. அலை வந்து மோதுகிறது, மணல் உரசுகிறது, எதிர்மின் அழுத்தம் குறைகிறது; பூட்டிய கதவு திறப்பதில்லை. பூட்டை விடுவிக்க ஒரே வழி, செல்லின் உள்ளே எதிர்மின் அழுத்தம் ஓய்வு நிலையைவிடவும் இன்னும் கீழே போக வேண்டும். தூண்டப்படுவதற்கு நேர் எதிரான திசையில் அது முதலில் நகர வேண்டும்.

கிடா முட்டு பார்த்தவர்களுக்கு இதைச் சட்டென்று விளங்கவைத்துவிடலாம். கிடா நின்ற இடத்திலிருந்து முட்டாது. பின்னால் நடந்து போகும், நின்று திரும்பும், அப்புறம்தான் பாயும். பின்வாங்காத கிடாவின் முட்டில் வலு இல்லை. இந்தச் செல்லுக்குப் பின்வாங்காவிட்டால் பாய்ச்சலே இல்லை.

யார் பின்வாங்க வைக்கிறார்கள்? இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். ஆர்ட்டீமியாச் சாற்றைப் பிரித்தெடுத்த கொட்டும் செல்லின் மேல் நேரடியாக விட்டால் அது கண்டுகொள்வதில்லை. அதற்கு மூக்கு கிடையாது. ஆனால் அசிட்டைல்கோலினை விட்டால் உடனே பதில் வருகிறது: செல் இன்னும் எதிர்மின் பக்கம் இறங்குகிறது, பூட்டிய கால்வாய்கள் விடுபடுகின்றன. அசிட்டைல்கோலின் நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளும் வேதிப்பொருள். நம் தசைகளுக்கு நரம்பு உத்தரவு கொடுப்பதும் இதே பொருளால்தான். ஆகவே இரையின் வாசனையை உணர்வது வேறு செல்கள். செய்தி நரம்பு வழியாக, சினாப்ஸ் என்ற நரம்புச் சந்திப்பு வழியாகக் கொட்டும் செல்லுக்கு வந்து சேருகிறது.

வரிசையாகச் சொன்னால் இப்படி. இரை அருகில் வருகிறது, வாசனை பரவுகிறது, நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. கொட்டும் செல் பின்வாங்குகிறது, பூட்டு விடுபடுகிறது. அந்தச் சில கணங்களில் இரையின் கால் உணர்கொம்பில் பட்டால், தொடுகையை உணரும் நாம்ப்சி என்ற வேறொரு கால்வாய் திறந்து மின்னழுத்தத்தை மேலே தள்ளுகிறது. இப்போது கால்சியம் கால்வாய் தயாராக இருக்கிறது. திறக்கிறது. கால்சியம் பாய்கிறது. பை வெடிக்கிறது. நாம்ப்சி பழ ஈயில் முதலில் அறியப்பட்டு, தொடுகை உணர்வுக்காகப் பெயர்பெற்ற புரதம். அதன் உறவுதான் இங்கே சேற்றில் காவல் நிற்கிறது.

பான்டின் சொன்ன இரண்டு சாவியும் சரி. ஆனால் செல் தன்னந்தனியாக முடிவெடுக்கிறது என்ற பழைய கருத்து, இந்த உயிரியைப் பொறுத்தவரை, பாதிதான் சரி. ஒரு சாவி செல்லின் கையில், இன்னொன்று நரம்பின் கையில். இரண்டும் வந்து பொருந்துகிற பூட்டு ஒரே ஒரு கால்வாய். மூளை இல்லாத பிராணியில், "இது உணவு, இது வெறும் அலை" என்று பிரித்தறியும் வேலையின் பெரும்பங்கை ஒற்றைக் கால்வாய் செய்து முடிக்கிறது என்பதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கால்வாயின் எந்தப் பாகத்தில் அந்தப் பூட்டு இருக்கிறது என்றும் தேடினார்கள். கால்சியம் கால்வாய் பல துணைப் புரதங்கள் சேர்ந்த கூட்டு. நெமட்டோஸ்டெல்லாவின் துணைப் புரதங்களை எலியின் துணைப் புரதங்களோடு மாற்றி மாற்றிப் பொருத்தி, வளர்ப்புச் செல்களில் வைத்து அளந்தார்கள். பீட்டா என்ற துணைப் புரதம் எங்கே போனாலும் அந்த விசித்திரமான பூட்டும் கூடவே போயிற்று. பாலூட்டியின் கால்வாயில் கடல் சாமந்தியின் பீட்டாவைச் சேர்த்தால் அதுவும் ஓய்விலேயே பூட்டிக்கொள்கிறது.

பசித்தவனும் பயந்தவனும்

ஒரு உயிரியில் கண்டதை எல்லாக் கடல் சாமந்திக்கும் பொருத்திவிடக் கூடாது. அதே ஆய்வகம் 2023இல் இன்னொரு இனத்தை எடுத்துக்கொண்டது. பெயர் எக்ஸைப்டேசியா. இதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு செய்து விருந்தோம்பிக்கும் பங்கு கொடுக்கின்றன. வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி என்று தெரியும். ஒன்று புகுந்தால் தொட்டி முழுக்கப் பரவும், பக்கத்துப் பவளங்களைக் கொட்டும்.

எக்ஸைப்டேசியா தொட்டாலே கொட்டியது. வாசனைச் சாவி அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பசியை வைத்துப் பார்த்தபோது வேறுபாடு இன்னும் தெளிந்தது. நெமட்டோஸ்டெல்லாவைப் பட்டினி போட்டால் அதிகம் கொட்டும், வயிறு நிறைந்தால் ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். எக்ஸைப்டேசியா பசித்தாலும் உண்டாலும் ஒரே அளவில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு செல் செலவு. வேட்டைக்காகக் கொட்டும் பிராணிக்கு அந்தச் செலவு பசியைப் பொறுத்து நியாயமாகும்; வயிறு நிறைந்தபின் சுடுவது வீண். தற்காப்புக்காகக் கொட்டும் பிராணிக்கு அப்படியில்லை. கடிக்க வருகிற மீன், இது சாப்பிட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கடிப்பதில்லை. ஆபத்து எப்போதும் ஒரே அளவு, எனவே விழிப்பும் ஒரே அளவு. ஆய்வுக் குழு இதைக் கணித மாதிரியாகவும் எழுதிப் பார்த்தது, விலங்குகளின் நடத்தை அந்தக் கணிப்போடு ஒத்துப்போயிற்று.

இத்தனை பெரிய நடத்தை வேறுபாட்டுக்கு வேர் எங்கே? மறுபடியும் அதே பீட்டாவில். எக்ஸைப்டேசியாவின் கொட்டும் செல்லில் அந்தப் புரதம் வேறொரு வடிவில் தயாராகிறது. ஒரே மரபணுவின் செய்தியை வேறு விதமாக வெட்டி ஒட்டுவதால் வருகிற வடிவம் அது. அந்த வடிவம் கால்வாயை ஓய்வு நிலையில் பூட்டுவதில்லை. பூட்டில்லாத கதவை எந்தத் தொடுகையும் தள்ளித் திறக்கலாம். பாசியிடம் சாப்பாடு வாங்கிக்கொள்கிற பிராணி காவலுக்குக் கொட்டுகிறது, சேற்றில் காத்துக்கிடக்கிற பிராணி வேட்டைக்குக் கொட்டுகிறது. அந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவே நிற்பது ஒரு புரதத்தின் சிறு துண்டு.

கொட்டும் செல்லின் உறவுக்காரர்

கால்சியம் கால்வாய், அசிட்டைல்கோலினுக்கு உணர்வான்கள், சினாப்ஸ், மின்னழுத்தத்தால் பேசும் பழக்கம். இந்தப் பட்டியலை வேறெங்கோ பார்த்தது போலத் தோன்றும். நரம்புச் செல்லின் சாமான்கள் எல்லாமே இவை. நரம்புச் செல்லில் கால்சியம் உள்ளே வந்தால் வேதிப்பொருள் நிறைந்த சிறு பைகள் வெளியே கொட்டப்படும். இங்கே கால்சியம் உள்ளே வந்தால் நஞ்சு நிறைந்த ஒரு பெரிய பை வெளியே பாய்கிறது.

கொட்டும் செல் பிறக்கும் இடத்தையும் பார்த்தாயிற்று. நெமட்டோஸ்டெல்லாவின் கருவில் நரம்புச் செல்லும் கொட்டும் செல்லும் ஒரே வகைத் தாய்ச் செல்களிலிருந்து பிரிகின்றன. லெஸ்லி பாபோனிஸும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் ஒரு மரபணுவை, கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் முடக்கிப் பார்த்தார்கள். கொட்டும் செல் உருவாவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் அது ஒன்று. முடக்கியதும் அந்தத் தாய்ச் செல்கள் செத்துவிடவில்லை, வேலையற்று நிற்கவும் இல்லை. பையும் நூலும் செய்ய வேண்டிய செல்கள், ஆர்எஃப் அமைடு என்ற சிறு புரதத்தைச் சுரக்கும் நரம்புச் செல்களாக வளர்ந்தன.